போனை எடுத்த குரல்

அரியூர் நாடு, கொல்லிமலை
20.11.2023

மாமாவுக்குக் கோகிலா எழுதுவது. நானும் மாடும் கன்றும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் இடுப்பு வலியும் கால் வெடிப்பும் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள்.

கடிதம் என்றதும் பதறிவிடாதீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். போனில் பேசினால் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருக்கிறது. டவரும் ஒரு நாள் இருந்தால் மறுநாள் இல்லை. கத்திக் கத்திப் பேச இந்தத் தொண்டைக்கு ஆகாது. எட்டாவது வரைக்கும் படித்து என்ன கிழித்தாய் என்று கேட்பீர்களே, இதோ எழுதுகிறேன், படியுங்கள்.

சாமை அறுத்தாகிவிட்டது. மரவள்ளியைப் பன்றி வந்து கிளறிப் போட்டுவிட்டது, பாதிதான் தேறும். உங்கள் அம்மா எடப்புளி நாட்டில் உங்கள் அண்ணன் வீட்டிலேயே இருக்கிறார், தீபாவளிக்குக்கூட வரவில்லை. வந்தால் "இன்னும் ஒண்ணும் விசேசம் இல்லியா" என்று கேட்பார், வராததும் நல்லதுதான். ஆனால் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. மாட்டோடு எவ்வளவு நேரம் பேசுவது?

போர்வெல் வண்டி ஆடி மழைக்கு நின்றால்தான் நீங்கள் ஊர் திரும்ப முடியும் என்று தெரியும். அதுவரைக்கும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பச்சைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

உங்கள்
கோகிலா

சத்தீஸ்கர்
10.12.2023

கோகிலாக் கண்ணுக்கு மாதேஸ்வரன் எழுதுவது. நான் சௌக்கியம். இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. நாள் முழுக்க இரும்பு ராடு தூக்குகிறவனுக்கு வேறு எப்படி இருக்கும்? நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் ராய்ப்பூர் ஆபீஸில் கிடந்து, டீசல் கொண்டுவரும் ஜீப்பில் வந்து சேர்ந்தது. டிரில்லர் அப்பாசாமி அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "கண்ணாலமாயி ஆறு வருசம் கழிச்சு லவ் லெட்டர் வருதுடோய்" என்று கேம்ப் முழுக்கச் சுற்றினான். பிடுங்குவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. மத்தியானம் கம்ப்ரசர் நின்றதும் வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து படித்தேன்.

தொண்டைக்கு மிளகு தட்டிப் போட்டுக் கசாயம் வை. நம் மலையில் இல்லாத மிளகா? ஆனால் இந்தக் கடித வேலையெல்லாம் ஒரு தடவையோடு போதும். உன் பேச்சைக் கேட்காமல் எனக்கு இங்கே பொழுது நகரமாட்டேன் என்கிறது. சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தி. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். பேச முடியவில்லை என்றால் நீ சும்மா 'ம்' மட்டும் போடு, மீதியை நான் பேசிக்கொள்கிறேன். கட்டாயம் எடு, கண்ணு.

அன்புடன்
மாதேஸ்வரன்

அரியூர் நாடு
4.1.2024

மாமாவுக்கு. காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லாமல் இருக்கிறேன். அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன், காதுக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையெல்லாம் நீங்கள் கூப்பிட்டது தெரியும். போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அடித்து ஓய்கிற வரைக்கும். தொண்டை இன்னும் சரியாகவில்லை. கேட்டால் பயந்துவிடுவீர்கள்.

கீழே ஒரு கிளினிக்கில் காட்டினேன். கையைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. நீர்க்கட்டி, இப்போது எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தொண்டைக்குப் போனவளுக்கு எதற்கு நீர்க்கட்டி மாத்திரை என்று கேட்பீர்கள். அது பொம்பளை சமாசாரம், விடுங்கள்.

நம் மிளகை விலைக்கு எடுக்கும் ஜாபர் உசேன் பாயிடம், என்னைப் பேச வைக்கும்படி நீங்கள் சொல்லிவிட்டதை அவர் சம்சாரம் ஷமீம் பானு அக்கா வந்து சொன்னாள். அவள் போனில் வீடியோவில் பேசலாம் என்று கூப்பிட்டாள். வேண்டாம் மாமா. முகம் சரியில்லை, பருவாக இருக்கிறது. நல்லாகட்டும், பிறகு பார்க்கலாம். பொங்கலுக்கு உங்களுக்கும் சேர்த்து ஒரு பிடி அரிசி போடுகிறேன்.

உங்கள்
கோகிலா

சத்தீஸ்கர்
22.1.2024

கோகிலாவுக்கு. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீயும் நன்றாகத்தான் இருப்பாய் என்று இப்போது தெரிந்துவிட்டது.

பொங்கலன்று சாயங்காலம் என் போனில் சார்ஜ் இல்லாமல் அப்பாசாமி போனிலிருந்து கூப்பிட்டேன். உடனே எடுத்தான் ஒருவன். "அலோ, யாருங்க?" என்றான். நம் மலைப் பேச்சுத்தான். "கோகிலா இல்லீங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கூட இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஒருவனும் என்னைக் கேலி பண்ணவில்லை. பண்ணியிருந்தால்கூடப் பரவாயில்லை.

தொண்டை கட்டியது எதற்கு, ஞாயிற்றுக்கிழமை எடுக்காதது எதற்கு, முகம் காட்டாதது எதற்கு என்று எல்லாம் விளங்கிவிட்டது. நான் இங்கே ஊரான் ஊரில் பாறையைத் துளைத்துக்கொண்டு கிடக்கிறேன். அவன் யார் என்று மட்டும் எழுது. பொய் எழுதாதே.

மாதேஸ்வரன்

அரியூர் நாடு
2.2.2024

மாமாவுக்கு. உடம்பு நன்றாக இருக்கிறது என்று இதுவரை எழுதியதெல்லாம் பொய். இனிமேல் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

போனை எடுத்தது நான்தான்.

வேறு நம்பராக இருக்கவே, மிளகு விலை சொல்ல ஜாபர் பாய் கூப்பிடுகிறார் என்று எடுத்துவிட்டேன். உங்கள் பேச்சைக் கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்த "இல்லீங்க" என் வாயிலிருந்து வந்ததுதான். என் குரல் அப்படி ஆகிவிட்டது மாமா. சளி கிளி ஒன்றும் இல்லை. புரட்டாசியில் நீங்கள் வண்டியேறிய பிறகு, வயசுக்கு வருகிற பையன்களுக்கு உடையுமே, அந்த மாதிரி உடைய ஆரம்பித்தது. கார்த்திகை முடிவதற்குள் ஒரேயடியாக ஆம்பளைக் குரலாகிவிட்டது. தூரமும் நின்றுவிட்டது. உங்கள் அம்மா கேட்கும் விசேஷம்தான் என்று முதலில் நான் சந்தோஷப்பட்டேன். வயிறு வரவில்லை, மீசைதான் வந்தது. தாடையிலும் வந்தது. பிடுங்கிப் பிடுங்கி முகமெல்லாம் புண். அதைத்தான் பரு என்று எழுதினேன்.

பக்கத்து வீட்டு ராமாயி அக்கா, என் மேல் ஆண் சாமி இறங்கியிருக்கிறது என்கிறாள். இப்போதெல்லாம் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறாள். கும்பிடுகிறவள் உள்ளே வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகக்கூடாதா என்று இருக்கிறது. மனுஷர் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பல நாள் ஆகிவிட்டது.

எனக்கு மீசை முளைத்திருக்கிறது என்று கட்டியவருக்கு எப்படி எழுதுவது, நீங்களே சொல்லுங்கள். வெட்கமாக இருந்தது. இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிடுங்கள். எடுக்கிறேன். நமக்கு மட்டும் தெரிந்த எதையாவது கேளுங்கள், சொல்கிறேன்.

உங்கள்
கோகிலா

சத்தீஸ்கர்
3.3.2024

கோகிலாவுக்கு. சுகம் விசாரிக்க மனசு வரவில்லை.

நீ சொன்னபடி கூப்பிட்டேன். அவனே எடுத்தான். "மாமா, நான் கோகிலாங்க" என்றான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இருந்தாலும் பொறுத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு மறுநாள் பஸ்ஸில் என்ன நடந்தது என்று கேட்டேன். "வளைவுல நீங்க வாந்தியெடுத்து எம்பட பட்டுச்சேலை போச்சு. எறங்குனதும் வாந்தியெடுத்தது அவதான்னு எல்லாத்துகிட்டயும் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீயும் சொல்லமாட்டாய் என்று நினைத்திருந்தேன். அதைக்கூட அவனிடம் சொல்லியிருக்கிறாய். இரண்டு பேரும் உட்கார்ந்து என்னை வைத்துச் சிரித்திருக்கிறீர்கள். எந்த ஊரிலாவது பெண்ணுக்கு ஆண் குரல் வருமா? நான் அதிகம் படிக்காதவன்தான், பைத்தியக்காரன் இல்லை.

இனி எழுதாதே. எழுதினாலும் பிரிக்கமாட்டேன்.

மாதேஸ்வரன்

அரியூர் நாடு
24.3.2024

மாமாவுக்கு. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். பிரித்தால் படியுங்கள்.

அன்றைக்குச் சிரித்தது, இத்தனை நாள் கழித்து உங்களோடு பேசுகிறேனே என்ற சந்தோஷத்தில். வேறு ஒன்றும் இல்லை.

செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார். நான் சீட்டு வாங்குகிற இடத்தில் பேசியதைக் கேட்டு, அவரே எழுந்து வந்து என்னை உள்ளே கூப்பிட்டார். "இந்தக் குரல் எத்தனை நாள்ல மாறுச்சும்மா?" என்று அதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டார். நீர்க்கட்டி என்றால் முடி வருஷக்கணக்கில் மெதுவாக முளைக்குமாம், குரல் இப்படிச் சடசடவென்று உடையாதாம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில், ஆண்கள் உடம்பில் ஊறும் சுரப்பு என் ரத்தத்தில் ஓர் ஆணுக்கு இருக்கிற அளவு இருக்கிறதாம். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்கேனில் இடது பக்கச் சினைப்பையில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. அதுதான் அந்தச் சுரப்பைச் சுரக்கிறது. ரொம்ப அபூர்வமாக எங்கோ ஒருத்திக்கு வருவது என்றார்கள். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் வந்து என் கட்டிலைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

புற்று வகைதானாம். ஆனால் பரவுவதற்கு முன்னால் எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாய் என்கிறார்கள். வலது பக்கமும் கர்ப்பப்பையும் நன்றாக இருந்தால் அவற்றைத் தொடமாட்டார்கள். பரவியிருக்கிறதா என்பது வயிற்றைத் திறந்தால்தான் தெரியுமாம்.

சித்திரை பிறந்ததும் ஆபரேஷன். கூட இருக்க ஆள் வேண்டும் என்றார்கள். உங்கள் அம்மாவிடம் போனேன். "அத்தை" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன், கதவைச் சாத்திக்கொண்டார். பயமாக இருக்கிறது மாமா. சாவதற்கு இல்லை. நான் செத்துப்போனால், எவனோடோ இருந்தவள் என்று நினைத்துக்கொண்டே நீங்கள் மீதிக் காலத்தை ஓட்டுவீர்களே, அதற்குத்தான் பயமாக இருக்கிறது.

உங்கள்
கோகிலா

பெரிய ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
17.4.2024

மாமாவுக்கு. நாளைக்குக் காலையில் ஆபரேஷன். பிரஷர் சரியாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை. அங்கே வெயில் கொளுத்தும், தலைக்குத் துண்டு கட்டாமல் வேலைக்கு நிற்காதீர்கள்.

ஷமீம் பானு அக்கா பெருநாள் முடிந்த கையோடு வந்து துணைக்கு இருக்கிறாள். நான் கூப்பிடவில்லை, கேள்விப்பட்டு அவளாக வந்தாள்.

சாயங்காலம் அவள் வெளியே போயிருந்தபோது தண்ணீர் கேட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த நர்ஸ், "பாக்கற நேரம் முடிஞ்சுபோச்சு, ஆம்பளைங்க எல்லாம் வெளிய போங்க" என்று சத்தம் போட்டார். வார்டே திரும்பிப் பார்த்தது. பிறகு அவரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாமச் சொல்லிட்டேம்மா" என்றார். நல்ல மனுஷி. ஆனாலும் அதிலிருந்து நான் யாரோடும் பேசவில்லை. என்ன வேண்டுமானாலும் கையால் காட்டுகிறேன்.

உங்களோடு மட்டும்தான் பேசுகிறேன், இந்தத் தாளில்.

கோகிலா

சேந்தமங்கலம்
29.4.2024

மாதேஸ்வரன் தம்பிக்கு ஷமீம் பானு எழுதுவது. இறைவன் கிருபையில் நாங்கள் எல்லோரும் நலம். உன் நலத்தை விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, இருந்தாலும் நலமாக இரு.

உன் போனுக்கு அடித்தால் எவளோ ஒருத்தி இந்தியில் பேசிக்கொண்டே இருக்கிறாள். அதனால் எழுதுகிறேன். கோகிலாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இடது பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். கட்டியைச் சோதித்துப் பார்த்ததில், அது தன் கூட்டைவிட்டு வெளியே பரவவில்லை என்று வந்திருக்கிறது. புற்றுக்கு ஏற்றும் மருந்து இப்போதைக்கு வேண்டாம், ஆனால் பல வருஷத்துக்கு விடாமல் வந்து ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். உன்னை உட்கார வைத்துச் சொல்ல வேண்டியது.

முடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், மாதாமாதம் வருவது வரும். குரல் மட்டும் திரும்பாதாம். தொண்டைக்குள் தடித்தது தடித்ததுதானாம். அதைக் கேட்டு அவள் அழவில்லை. "அப்பறம் அவரு எப்புடிக்கா நம்புவாரு?" என்றுதான் கேட்டாள். அப்போது நான் அழுதேன்.

மயக்கம் தெளியாமலே, "மாமா, மாமா" என்று உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தாள். நீ போனில் கேட்டாயே ஓர் ஆம்பளை, அதே குரலில். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் காதால் கேட்டேன். ரிப்போர்ட் நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். என்னை நம்பாவிட்டால் அங்கே ஏதாவது ஒரு டாக்டரிடம் காட்டு. யாரையாவது நம்பு தம்பி, ஆனால் சீக்கிரம் நம்பு.

துஆவுடன்
ஷமீம் பானு

சத்தீஸ்கர்
21.5.2024

கோகிலாக் கண்ணுக்கு. தையல் ஆறிவிட்டதா? குனிந்து தண்ணீர்க் குடம் தூக்காதே. மாட்டை ராமாயி அக்காவைப் பிடித்துக் கட்டச் சொல்.

உன் கடிதங்கள் டூல் பெட்டியில் பிரிக்காமல் கிடந்தன. ஷமீம் அக்காவின் கடிதம் வந்த அன்று எல்லாவற்றையும் பிரித்தேன். ரிப்போர்ட்டை இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் இந்தியில் சொன்னதை அப்பாசாமி தமிழில் சொன்னான். பாதியில் சொல்ல முடியாமல் வெளியே போய்விட்டான். மீதியை நானே புரிந்துகொண்டேன்.

என்ன எழுதினாலும் நான் செய்ததற்கு ஈடாகாது. கத்தி வைக்கப் போகும்போது நான் பக்கத்தில் இல்லாமல் நீ கிடந்திருக்கிறாய். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

போன் பண்ண வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். உன் நம்பரை அழுத்துகிறேன், அடிப்பதற்குள் கட் பண்ணிவிடுகிறேன். பொய் சொல்லக்கூடாது, அந்தக் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் போனில் உன் பழைய பேச்சு ஒன்று பதிவாகிக் கிடக்கிறது. "மழை வருதுங்க, காப்பிக்கொட்டை நனையுது, அப்பறம் பேசறேன்." அவ்வளவுதான். சாப்பிட்டுப் படுத்ததும் அதைப் போட்டுக் கேட்கிறேன். கேட்டால்தான் தூக்கம் வருகிறது. சென்னையில் குரலை மாற்றும் ஆபரேஷன் இருக்கிறதாம். எப்படியாவது பண்ணிவிடலாம். பழைய கோகிலாவாக ஆகிவிடுவாய். ஆடியில் வருகிறேன்.

உன்
மாதேஸ்வரன்

அரியூர் நாடு
9.6.2024

மாமாவுக்கு. தையல் ஆறிவிட்டது. தூரமும் வந்துவிட்டது. முகத்தில் முடி குறைந்திருக்கிறது, புண்ணும் காய்ந்துவிட்டது. வலது பக்கம் நன்றாக இருக்கிறது, பிள்ளை பெற்றுக்கொள்ளத் தடை இல்லை என்று டாக்டர் சொன்னார். நீங்கள் சோறு இறங்கவில்லை என்று பட்டினி கிடக்காதீர்கள்.

ராமாயி அக்கா வாசலில் நின்று, "சாமி மலையேறிருச்சா?" என்று கேட்டாள். "ஆஸ்பத்திரியிலயே எறக்கி வெச்சுட்டு வந்துட்டேன்" என்று சொன்னேன். என் குரலைக் கேட்டுவிட்டு மறுபடியும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நம்பிவிட்டீர்கள் என்று தெரிந்ததும் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுதாலும் அந்தக் குரல்தான் வருகிறது.

சென்னை ஆபரேஷனைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். இருக்கிறதாம், எல்லோருக்கும் பலிக்காதாம். எனக்கு வேண்டாம் மாமா. ஒரு தடவை வெட்டியது உயிருக்காக. இன்னொரு தடவை எதற்காக என்று யோசித்தால், உங்கள் காதுக்காக என்றுதான் தோன்றுகிறது.

அந்தப் பதிவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். நீங்கள் படுத்துக்கொண்டு அவள் பேச்சைக் கேட்கிறீர்கள். அவளுக்கு என்ன, ஒரு வரி பேசிவிட்டுக் காப்பிக்கொட்டை அள்ளப் போய்விட்டாள். கட்டி வந்தது எனக்கு. வார்டில் கிடந்தது நான். நீங்கள் பிரிக்காத கடிதங்களை எழுதியது நான். அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது மாமா. அவள் பேச்சைக் கேட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்கினால், நான் இங்கே யாருக்காகப் பிழைத்து வந்தேன்?

அதை அழித்துவிடுங்கள். அழித்த பிறகு எந்த நேரம் வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். முதலில் உங்களுக்கு உடம்பு கூசும். கூசட்டும். வைத்துவிடாமல் கொஞ்ச நேரம் பொறுத்துக் கேளுங்கள், மழை பெய்ததைச் சொல்கிறேன், பலா காய்த்திருப்பதைச் சொல்கிறேன், பிறகு பழகிவிடும். எனக்கே பழகிவிட்டது.

போன் அடித்தால் எடுத்துப் பேசுவது நான்தான். இந்த ஊட்டுல வேற யாரும் இல்லீங்க.

கோகிலா